வாரி வெட்டிய மாரக்காள்

ஊஞ்சக்காட்டில் மாரக்காளின் முகத்தை அறியாதவர்கூட அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். கடலைக்காய்க் காட்டின் இந்தக் கோடியில் நின்று அவள் தன் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டால், அடுத்த காட்டில் களை எடுப்பவர்களும் கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சோற்றுப் போசியைத் திறப்பார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் கொஞ்சம் சிரமப்பட்டாள். "மெல்லப் பேசு சாமி, ரகசியம்னு ஒண்ணு ஊட்டுல இருக்கோணுமில்ல" என்பாள். மாரக்காளும் மெல்லப் பேசித்தான் பார்த்தாள். அது அவளுக்கு இருமலைத்தான் கொண்டுவந்தது.

அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊரில். தாய் போய்ச் சேர்ந்தபோது மாரக்காள் கைக்குழந்தை. அண்ணன் நாச்சிமுத்துதான் அவளைத் தோளில் போட்டு வளர்த்தார். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாலும் கமலை ஓட்டினாலும் தங்கச்சி தோளில் இருப்பாள். பெண் கேட்டு வெளியூர்க்காரர்கள் வந்தபோது, "தூரத்துக்குக் குடுக்கறதில்ல" என்று ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளூரிலேயே சின்னுசாமி என்ற அடக்கமான பையனைப் பார்த்துக் கட்டி வைத்தார். நாச்சிமுத்து அதிகம் பேசாதவர். சின்னுசாமியும் அப்படியே. இரண்டு பேருக்கும் சேர்த்து மாரக்காள் பேசினாள்.

எழுபத்து நாலிலும் அதற்கு அடுத்த வருஷமும் மழை ஏமாற்றியது. ஊஞ்சக்காடு திருச்செங்கோட்டிலிருந்து கிழக்கே, கரடு என்று சொல்லும் ஒரு சிறு குன்றின் அடியில் இருக்கிற ஊர். கிணறுகளை நம்பித்தான் வெள்ளாமை. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்துக் காட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் இறங்கும். அவரும் வெடி வைப்பார். பிறகு இவர் இன்னும் கொஞ்சம் வெட்டுவார். சின்னுசாமியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பாறையோடு மல்லுக்கட்டினார். மாலையில் மேலே ஏறி வரும்போது தலைமயிரெல்லாம் கல்தூள் படிந்து கிழவனைப் போல இருப்பார். குச்சிக்கிழங்குச் செடிகள் குட்டையாகவே நின்றன.

ஊருக்கு ஒரு ஏரியும் உண்டு. ஆனால் அது பேருக்குத்தான் ஏரி. உள்ளே சீமைக்கருவேல் மண்டிக்கிடந்தது. கரட்டில் விழும் மழையை ஏரிக்குக் கொண்டுவர முன்காலத்தில் ஒரு வாரி இருந்தது. அந்த வாய்க்காலை ஒட்டிக் காடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் உள்ளே தள்ளித் தள்ளி, கடைசியில் அது இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. யாரும் திருடியதாக நினைக்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம்தான் எடுத்தார்கள்.

அடுத்த சித்திரையில் ஒருநாள் மத்தியானம் நல்ல கோடை மழை ஒன்று கொட்டியது. மாரக்காள் கோணிக் கொங்காடையைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டித்தடத்தோரம் நின்றாள். கரட்டிலிருந்து செந்தண்ணி இறங்கி, வண்டித்தடத்தில் புரண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் என்ன நினைத்தாளோ, அதன் பின்னாலேயே நடந்தாள். தண்ணீர் ஏரியை எட்டிக்கூடப் பார்க்காமல், தார்ரோட்டுப் பாலத்தில் நுழைந்து, அடுத்த ஊர்ப் பள்ளத்தில் விழுந்து போய்விட்டது. முழங்கால்வரை சேறோடு வீடு திரும்பியவள் புருஷனிடம் சொன்னாள்.

"நம்ம மழ நம்மூருல நிக்கறதே இல்லீங்க. வந்த வழியில ஒரு எட்டுக்கூட நிக்காம ஓடிப்போவுது."

"அது எப்பவும் அப்படித்தான" என்றார் சின்னுசாமி. "எல்லாரும் பாத்துட்டுத்தான இருக்கறோம்."

"நானும் இத்தன வருசமாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். இன்னைக்குத்தான் பின்னாலயே போனேன்."

அன்றிலிருந்து அவள் வேறு பேச்சுப் பேசவில்லை. பால் ஊற்றப் போன இடத்தில், ரேஷன் கடை வரிசையில், இழவு வீட்டில்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று, அவள் வாரியைப் பற்றித்தான் பேசினாள். ஆம்பளைகள் சிரித்தார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்றார்கள். அந்தப் பகுதிக்குக் கிராம சேவக்காக இருந்த உபகாரசாமி மட்டும் சைக்கிளை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். அவர் சேலத்துக் கிறிஸ்தவர். புது விதையைப் பற்றிப் பேசி, கேட்பார் இல்லாமல் சலித்துப்போயிருந்தவர்.

"அரசாங்கத்துல கேக்கலாம்மா" என்றார். "வரும்போது வரும். நீங்களே ஆரம்பிச்சிட்டா, கேக்கறதுக்கு எனக்கும் வாய் இருக்கும்."

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். மாரக்காள் பேசி முடித்ததும், ஓரத்தில் உட்கார்ந்திருந்த சின்னாயி எழுந்தாள். அவளுக்கு ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. ஊரார் ஆடுகளை மேய்த்துப் பிழைப்பவள்.

"வாரி வந்தா உங்க கெணத்துல தண்ணி ஊறும்ங்க. எங்களுக்கு ஏதுங்க கெணறு? நாங்க எதுக்கு மண்ணுச் சுமக்கோணும்?"

சிலர் முகம் சுளித்தார்கள். மாரக்காள் சுளிக்கவில்லை. அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்றுதான் வெட்கப்பட்டாள். "ஏரி நெறஞ்சா மீனும், கரையில மொளைக்கற புல்லும், காடு இல்லாதவங்களுக்கு. காட்டுக்காரங்க அதுல கை வைக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கறவங்க மட்டும் மம்முட்டி எடுத்துட்டு வாங்க" என்றாள். முனகல் கிளம்பியது. முதலில் கையைத் தூக்கியவர், யாரும் எதிர்பாராதபடி, சின்னுசாமி. பொண்டாட்டிக்குப் பயந்துதான் தூக்கினார் என்று ஊரில் சொன்னார்கள். அப்படி இல்லை என்று அவரும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த ஊரில் ஏர் பூட்ட மாட்டார்கள். அதையே வாரி வெட்டும் நாளாக வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் மாரக்காள் வாசலில் நின்று ஒரு கூப்பாடு போடுவாள். மம்முட்டியும் கடப்பாரையும் மண் சுமக்கும் மக்கிரியுமாக ஆட்கள் வந்து சேருவார்கள். முதலில் அவளும் சின்னுசாமியும் தங்கள் காட்டோரம் வாரிக்குள் விதைத்திருந்த சோளத்தட்டைப் பிடுங்கி இடம் விட்டார்கள். அதைப் பார்த்து அடுத்தவர் விட்டார். உபகாரசாமியும் மம்முட்டி பிடித்தார். முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துப்போய், மத்தியானம் களியை உருட்ட முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து சின்னாயி உருட்டிக் கொடுத்தாள்.

வாரி கரட்டடியிலிருந்து இறங்கி, ஒவ்வொரு காடாகத் தாண்டி, ஆடி பிறக்கும்போது நாச்சிமுத்துவின் காட்டு வரப்பில் வந்து நின்றது. அங்கே வாரியின் நடுவில் தென்னைகள் நின்றன. நாச்சிமுத்து வைத்தவை. பஞ்ச காலத்தில் ஊரே குடிதண்ணீருக்கு அலைந்தபோது, அந்த மனுஷர் இரண்டு கோடையும் தோளில் காவடி கட்டிக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அவற்றைக் காப்பாற்றியிருந்தார். அவர் தோளில் அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

மாரக்காள் மட்டும் தனியாகப் போனாள். அண்ணன் ஆட்டுப்பட்டியில் இருந்தார். மேச்சேரிப் பக்கம் போய் ஓட்டிவந்த செம்மறிகள், குட்டி போட்டிருந்த சமயம்.

"அண்ணா, வாரி உங்க காட்டுக்கு வந்திருச்சுங்க."

"பாத்தேன்."

"மரத்துக்கு என்ன பண்றதுன்னு..."

நாச்சிமுத்து ஒரு குட்டியைத் தாயின் மடியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அம்மிணி, நீ இதுவரைக்கும் கேட்டது எதயாச்சும் இல்லைன்னேனா? காட்டக் கேளு. பட்டியக் கேளு. அந்த மரத்த மட்டும் கேக்காத."

மாரக்காள் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

ஊரில் சிலர் சூடாகிவிட்டார்கள். வாரி புறம்போக்குத்தான், தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தால் ஆள் வந்து மரத்தை வெட்டிப் போடுவார்கள் என்றார்கள். "எல்லாரும் எடுத்தீங்க, எல்லாரும் உட்டீங்க. அவரும் உடுவாரு, கொஞ்சம் பொறுங்க" என்றாள் மாரக்காள். "என்ற அண்ணன் மேல மனுக் குடுக்கறதா இருந்தா, நான் மம்முட்டியக் கீழ போட்டர்றேன்." மனுப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் திங்கட்கிழமைகளில் ஆட்கள் குறைந்தார்கள். ஆடிக்கு அண்ணன் வீட்டுக்கு அவள் போகவில்லை. அண்ணி ஆத்தாயிதான் புருஷனுக்குத் தெரியாமல், முந்தானையில் பணியாரத்தை மூடி எடுத்துவந்து கொடுத்தாள். "உங்க அண்ணனுக்குச் சோறே எறங்கறதில்ல" என்றாள். "எனக்கு மட்டும் எறங்குதுங்களா நங்கையா" என்றாள் மாரக்காள். ஆனால் பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் மாலை கரட்டின் மேல் வானம் கறுத்தது. மாரக்காள் காட்டில் இருந்தாள். முதல் துளி விழுந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழை இறுகியதும்தான் சுரீரென்றது. வெட்டிய வாரி தண்ணீரை முழுசாக வாரிக்கொண்டு வரும். வந்து, வெட்டாமல் நிற்கும் இடத்தில் முட்டும். முட்டினால் உடைத்துக்கொண்டு இறங்குவது நேராக நாச்சிமுத்துவின் பட்டியில்தான். பட்டி நிறையக் குட்டிகள். ஊரார் எல்லோருமாகச் சேர்ந்து, திங்கட்கிழமை திங்கட்கிழமையாக, வெள்ளத்துக்கு அண்ணன் வீட்டு வழியைக் காட்டியிருந்தார்கள்.

அவள் கத்தினாள். அத்தனை பெரிய குரல், மழை இரைச்சலில் பக்கத்து வரப்பைக்கூடத் தாண்டவில்லை. கத்திப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் மம்முட்டியைத் தூக்கிக்கொண்டு கரட்டை நோக்கி ஓடினாள். சின்னுசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பின்னால் ஓடினார்.

வாரி கரட்டோடையிலிருந்து பிரியும் இடத்தில், வண்டித்தடத்தின் பக்கம் அவர்களே கல் வைத்துக் கட்டிய கரை இருந்தது. அதை உடைத்துவிட்டால் தண்ணீர் பழையபடி தடத்தில் ஓடிவிடும். மாரக்காள் கரைமேல் ஏறி வெட்ட ஆரம்பித்தாள். மண் நனைந்தும் இறுக்கம் விடவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரட்டிலிருந்து இறங்கி வந்த சின்னாயி இதைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, கட்டுன கரைய ஏனுங்க ஒடைக்கறீங்க?"

"கீழ எங்கண்ணன் பட்டி" என்றாள் மாரக்காள். அவ்வளவுதான் மூச்சு இருந்தது.

சின்னாயி இடுப்புத் தண்ணீரில் இறங்கிக் கையால் கற்களைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று பேருமாகச் சேர்ந்து திறந்த வாயில் வழியாக வெள்ளம் ஒரு முறை திமிறிவிட்டு, வண்டித்தடத்தில் பாய்ந்தது. ஒரு கோடை முழுக்க ஊர் எதிர்பார்த்திருந்த தண்ணீர், மறுபடியும் தார்ரோட்டுப் பாலத்தை நோக்கி ஓடிப்போனது.

மழை விட்டதும் ஊர் வந்தது. உடைந்த கரையைப் பார்த்துக் கோபப்படாதவர் இல்லை. முதுகு ஒடியச் சுமந்த மண் என்றார் ஒருவர். அண்ணனுக்காக ஊரை விற்றுவிட்டாள் என்றார் இன்னொருவர். மாரக்காள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். "ஏரி நெறையறதுக்கு ஒரு ஊட்டுப் பட்டி போகோணும்னா, அந்த ஏரி நமக்கு எதுக்குங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அழுதாள். சத்தமே வராமல் அவள் அழுததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலையில் அவள் கரைக்குப் போனபோது நாச்சிமுத்து அங்கே இருந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, உடைப்பில் மண் தள்ளிக்கொண்டிருந்தார். அவளும் மக்கிரியை எடுத்தாள். அண்ணன் வெட்ட, தங்கச்சி கொட்ட, வெயில் ஏறியது. கடைசியில் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மரத்த வெட்ட மாட்டேன்."

"வெட்ட வேண்டாமுங்க அண்ணா."

"மேக்கால கல்லக்காய்க் காடு இருக்குதில்ல. அதுல சுத்திக் கொண்டுபோனா ஆவாதா? தண்ணி என்ன, வளைஞ்சு போவாதா?"

மாரக்காள் மக்கிரியைக் கீழே வைத்தாள். "அது வெளஞ்சிட்டு இருக்கற காடுங்க. இன்னும் காய் முத்தலையே."

"முத்தாட்டிப் போவுது" என்றார் நாச்சிமுத்து.

வளைவில் தண்ணீர் கரையைக் கரைக்கும், கல் பதிக்க வேண்டும் என்று உபகாரசாமி சொன்னார். பதித்தார்கள். அதற்கு முன்னால் கடலைக்காயைப் பிடுங்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வரையில்கூடக் காத்திராமல், முந்திய மாலை திட்டியவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்து இறங்கினார்கள். பாதி முற்றாத காய். விற்க ஆகாது. ஆத்தாயி காட்டிலேயே அடுப்புக் கூட்டி அண்டாவில் உப்புப் போட்டு வேகவைத்தாள். ஊரே வரப்பில் வரிசையாக உட்கார்ந்து தின்றது. பிஞ்சுக் கடலைக்காய்க்கு இருக்கிற பால் ருசி முற்றிய காய்க்கு வராது என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாச்சிமுத்து கேட்டும் கேட்காதவர் போலக் கல் சுமந்துகொண்டிருந்தார். ஆனால் அவர் காது அங்கேதான் இருந்தது என்று ஆத்தாயி பிற்பாடு சொன்னாள்.

வாரி ஏரியைத் தொட்டது. சீமைக்கருவேலை வெட்டி, உள்ளே படிந்திருந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளிக் காடுகளுக்கு அடித்தார்கள். எழுபத்தேழு கார்த்திகையில் பெய்த பெருமழையில் ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் போகும் கலிங்கு வழியாக வழிந்தது. வயசாளிகள்கூட வேட்டி நனைய அதில் நின்றார்கள். மாரக்காள் மட்டும் ஏரியில் அதிக நேரம் நிற்கவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தன் கிணற்றுப் படியில் இறங்கி உட்கார்ந்தாள். முந்தின நாள் அவள் உட்கார்ந்திருந்த படி தண்ணீருக்குள் இருந்தது. பாறை இடுக்கில் சிறு சிறு ஊற்றாகக் கசிந்து சுவர் முழுக்க வேர்த்திருந்தது. சின்னுசாமி மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பண்ற அங்க?" என்றார். "சும்மா கேட்டுட்டு இருக்கறேனுங்க" என்றாள் அவள்.

அதன் பிறகு எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. ஏரிக்குச் சங்கம் என்று ஒன்று வைத்ததும் சண்டையும் கூடவே வந்தது. முதல் வருஷ மீனில் காட்டுக்காரர் ஒருவர் கை வைத்தார். சின்னாயி அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, மீன் வெளியே வரும்வரை எழுந்திருக்கவில்லை. எண்பதுகளில் திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் ஊருக்குள் உறுமிக்கொண்டு வந்தபோது, ஏரிக்கரையை ஒட்டிப் போர் போடக்கூடாது என்று சொல்ல மாரக்காள் லாரியின் முன்னால் நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அவளும் பதிலுக்குக் கத்தினாள். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

எண்பத்து மூணில் மறுபடியும் மழை தவறியது. ஏரியில் ஒரு குட்டைதான் மிஞ்சியது. அது ஆடு மாட்டுக்கு மட்டும், யாரும் காட்டுக்கு இறைக்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவானது. நாச்சிமுத்துவுக்கு அப்போது முடியாத வயது. தென்னைகள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தன. அவர் தங்கச்சி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"மரத்துக்கு மட்டும் ஒரு தவணத் தண்ணி."

மாரக்காள் வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள். "இல்லீங்க அண்ணா" என்றாள். "உங்களுக்கு உட்டா இன்னொருத்தருக்கும் உடோணும். மாடு எங்க போவும்?"

அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சின்னுசாமி அன்று மாலையிலிருந்து, யாரும் கேட்காமலே, தன் கிணற்றடியில் ஊறுகிற கொஞ்சநஞ்சத்தைக் குடத்தில் மொண்டு மச்சான் காட்டுக்குச் சுமந்தார். எல்லா மரமும் பிழைக்கவில்லை. பிழைத்தவற்றிலிருந்து, மழை திரும்பி வந்த அடுத்த வருஷம், நாச்சிமுத்து இரண்டு இளநீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனை நாளும் தங்கச்சியோடு முகம் கொடுத்துப் பேசாதவர், வாசலில் அவற்றை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இத உனக்குக் குடுக்கறதுக்கும் சங்கத்துல கேக்கோணுமா?"

"கேட்டுட்டு வாங்க" என்றாள் மாரக்காள். ஆனால் அதற்குள் அரிவாளை எடுத்துவிட்டாள்.

எண்பத்தாறு மாசியில் மேச்சேரிப் பக்கத்திலிருந்து சிலர் பஸ் பிடித்து வந்தார்கள். அவர்கள் ஊரிலும் ஏரி காய்ந்து கிடந்தது. வளைவையும் கலிங்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் வந்து எங்களிடம் பேச வேண்டும் என்று மாரக்காளைக் கேட்டார்கள். கல்யாணம் காட்சி தவிர அவள் வெளியூரில் தங்கியதில்லை. "போயிட்டு வா, எருமைய நாங்க பாத்துக்கறோம்" என்றார் சின்னுசாமி. பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவும் தலையாட்டினார்.

அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். மாலைகூடப் போட்டார்கள். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க வாரி எங்கீங்க இருக்குது? நடங்க, பேசிக்கிட்டே போலாம்" என்று இறங்கி நடந்தாள். பொழுது சாயும்வரை நடந்தார்கள். பாதி வழியிலேயே இரண்டு பங்காளிகள் வரப்பைக் காட்டிச் சண்டை பிடித்துக்கொண்டார்கள். மாரக்காள் நிம்மதியாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தாள். இவர்கள் செய்துவிடுவார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்ததாம்.

இரண்டு நாள் கழித்து அவள் ஊர் திரும்பியபோது, தொழுவத்தில் புருஷனும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் சேறாகி நின்றார்கள். எருமை அவர்களைக் கறக்க விடவில்லை. ஒருமுறை சின்னுசாமியை உதைத்து, ஒருமுறை நாச்சிமுத்துவின் மேல்துண்டைத் தின்றிருந்தது. மாரக்காள் பையை இறக்கி வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, போசியோடு அதன் பக்கத்தில் குந்தினாள். வெளியூரில் பார்த்ததை எல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே கறந்தாள். எருமை அசையாமல் நின்றது. அந்த இரண்டு ஆண்களும் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.